ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் காகிதம்

"பாலத்தைத் தூக்கிட்டாங்கக்கா. எவனோ பணக்காரன் படகு ஆடி அசைஞ்சு போகுது. இன்னும் இருபது நிமிஷம் ஆகும்" என்றான் போனில் தம்பி ரான்டல்.

"காகிதம் இருக்குல்ல?"

"மடியிலதான் இருக்கு. அப்பா எப்படி இருக்காரு?"

டோரீன் போனை வைத்துவிட்டாள். கடற்கரைப் பூங்காவில் இரவல் வாங்கிய, மணலில் உருளும் பெரிய டயர் சக்கர நாற்காலியில், கடலைப் பார்த்தபடி, அப்பா க்ளைட் இப்போதுதான் ஒரு நீண்ட மூச்சை விட்டிருந்தார். அடுத்த மூச்சை அவர் இழுக்கவில்லை.

உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று டாக்டரும் அவரும் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. ஃப்ளோரிடாவில் அது மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். கையில் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சை அழுத்தத்தான் செய்வார்கள். அம்மாவுக்கு அப்படித்தான் நான்கு விலா எலும்பு முறிந்தது. பதினோரு நாள் இயந்திரத்தில் கிடந்து செத்தாள். மாத்திரை, தொப்பி, ஆரஞ்சுச் சாறு என்று எல்லாவற்றையும் எடுத்துவைத்த டோரீன், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததை மட்டும் மறந்துவிட்டு வந்தாள். புத்திகெட்டவள். கரைக்கு வந்த பிறகு நினைவு வந்துதான் தம்பியை விரட்டினாள்.

ஆனால் இப்போது அவளுக்கே கத்த வேண்டும் போலிருந்தது. யாராவது வந்து அப்பாவைத் திருப்பிக் கொடுங்கள் என்று. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து பூங்கா ரேஞ்சர் யோலாண்டா மணலில் ஓடும் வண்டியில் வந்தாள். பன்னிரண்டு வருடம் இந்தக் கரையில் ஆமைகள் முட்டையிடும் கூடுகளைச் சுற்றிக் கம்பு நட்டு, ரேஞ்சர்களையே அதட்டி வேலை வாங்கிய தொண்டர் க்ளைட்.

"என்ன தலைவரே, நாற்காலி கிடைச்சதும் ராஜா ஆயிட்டீங்களா? ராத்திரி மூணு புதுக் கூடு. நீங்க வந்து திட்டுனாத்தான் எனக்குக் கம்பு நேரா நிக்கும்."

"தூங்குறாரு" என்றாள் டோரீன்.

யோலாண்டா இறங்கிக் கிட்டே வந்தாள். திறந்திருந்த வாயைப் பார்த்தாள். கை இடுப்பு ரேடியோவுக்குப் போனது. பார்த்துவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும். அவள் வேலை அப்படி.

"மஞ்சள் காகிதம் எங்க?"

"தம்பி கொண்டு வர்றான். பாலத்துல மாட்டிக்கிட்டான். யோலி, அம்மாவுக்குப் பண்ணுன மாதிரி இவருக்கும்... உன் கால்ல வேணா விழறேன்."

ரேடியோ கரகரத்தது. யோலாண்டா அதன் சத்தத்தைக் குறைத்தாள். தொப்பியைக் கழற்றி, முகத்தை அழுந்தத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"தலைவரே" என்றாள் உரக்க. "வடக்குக் கோடி வரைக்கும் கூடு பாத்துட்டு வந்துடறேன். மெதுவாத்தான் போவேன். நீங்க தூங்குங்க."

வண்டி கிளம்பியது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அலையோரம் ஓடிய உள்ளான் குருவிகள்கூட அந்த வண்டியை முந்திக்கொண்டு போயின.