மீறினால் காற்று பிடுங்கப்படும்

மதார் சாகிப்புக்கு ஊரில் விரோதி என்று ஒருவரும் கிடையாது. ரோட்டில் இறங்கினால் மட்டும் எல்லோரும் விரோதி.

இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். இப்போது வைத்திருப்பது ஒரு குட்டியானை, சின்ன லோடு வண்டி. ஒரு கீறல் கிடையாது, ஒரு கேஸ் கிடையாது. அதனாலேயே மற்றவர்களைத் திட்டுகிற உரிமையை லைசென்ஸோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. இடப்பக்கம் இன்டிகேட்டர் போட்டுவிட்டு வலப்பக்கம் திரும்புகிறவனைக் கண்டால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ராங் சைடில் வந்துவிட்டு நம்மையே முறைக்கிறவனைக் கண்டால் இன்னும் கொதிக்கும். கண்ணாடியை இறக்கி, "இன்னாபா, உன் வூட்டு ரோடா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடுத்த கியர் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாபிரா, "கேட்டாச்சில்ல, போலாம்" என்பாள்.

குடியிருப்பு வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஒரு வண்டி வந்தால் ஒரு மாடு ஒதுங்கி நிற்கவேண்டிய அகலம். கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் காரை நிறுத்த இடம் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடிப்பது மதார் சாகிப்பின் கேட் வாசலைத்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவரே சிவப்புப் பெயின்ட் வாங்கிக் கேட்டில் எழுதினார்: 'வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்.' அன்றிலிருந்து எத்தனையோ பேர் மீறினார்கள். ஒருவர் காற்றும் பிடுங்கப்பட்டதில்லை. பாய்க்கு வாய்தான், கை வராது என்று சந்துக்கே தெரியும்.

அப்படிப்பட்ட மனிதருக்குக் கை வந்தது தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வரக்கூடாத நாளில் வந்தது.

அன்றைக்கு சாபிராவின் முதல் ஆர்டர். முதல் என்றால் சமைப்பது முதல் தடவை அல்ல. பத்தொன்பது வருஷம் விருந்துக்குச் சமைக்கிற ஒரு பெரிய பண்டாரியிடம் கையாளாக இருந்தவள். வெங்காயம் உரிப்பதில் ஆரம்பித்துத் தம் போடுகிறவரை அவள் கை, பேர் மட்டும் பண்டாரிக்கு. அவளே தனியாக, அவள் பேரிலேயே செய்கிற முதல் விருந்து இது. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் ஐரீன் டீச்சரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். இருநூறு பேர். டீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மாப்ள வீட்டுக்காரங்க மூணு மணிக்கு ரயில் ஏறணும் சாபிரா. ஒரு மணிக்கு இலை விழுந்தாகணும். இது நல்லபடியா முடிஞ்சா கல்யாணச் சாப்பாடும் நீதான்."

ராத்திரி முழுக்க சாபிரா தூங்கவில்லை. காலையில் அடுப்பு மூட்டி, பத்தே முக்காலுக்கு இரண்டு பிரியாணித் தேக்சாவுக்கும் மைதா மாவைச் சுற்றி ஒட்டித் தம் போட்டாள். "ரெண்டு மணி நேரம் தாங்கும். மிஞ்சிப்போனா இன்னும் அரை மணி. அதுக்கு மேல மூடிகினே கெடந்தா அரிசி கொழைஞ்சி பொங்கலாப் பூடும்" என்றாள். சந்துப் பிள்ளைகள் நாலு பேர் பிடித்து வண்டியில் ஏற்ற, மதார் சாகிப் கயிறு கட்டிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நின்றது. மூக்கை மின்கம்பத்தில் முட்டாத குறையாக வைத்து, வாலால் கேட்டை மூடியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. கண்ணாடியில் ஒரு போன் நம்பராவது எழுதி வைத்திருக்கிறானா என்றால் அதுவும் இல்லை.

மதார் சாகிப் ஹாரன் அடித்தார். கதவைத் தட்டினார். ஜவுளிக்கடைக்கு ஓடி மைக்கில் நம்பரைச் சொல்லச் சொன்னார். 'வெள்ளைக் கலர் வண்டியின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வரவும்' என்று இரண்டு தடவை சொன்னார்கள். எங்கிருந்தாலும் அவர் அங்கேயே இருந்தார். பதினொன்றே கால் ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று.

"கோவப்படாதீங்க. இன்னொரு வாட்டி மைக்ல சொல்ல சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, தால்சாக் குழம்பு வாளியை எடுத்துவர சாபிரா உள்ளே போனாள்.

அவள் உள்ளே போன அந்த ஒரு நிமிஷத்தில்தான் நடந்தது. மதார் சாகிப் கேட்டில் தாம் எழுதிய எழுத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பதினொரு வருஷக் கோபமும் மொத்தமாக ஏறியது. டூல்ஸ் பையிலிருந்து சின்ன சாவியை எடுத்து, காரின் முன்சக்கரத்தில் காற்றைப் பிடித்து வைக்கிற வால்வு பின்னைத் திருகிக் கழற்றினார். உஸ்ஸென்று காற்று போகிற சத்தம் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா. அதோடு விட்டாரா, பின்னைச் சாக்கடையில் வீசினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

கட்டை விரலில் ஒட்டிய கருப்பைக்கூடத் துடைக்கவில்லை, அதற்குள் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் நாலு பை.

"சாரி பாய், சாரி பாய். மீஞ்சூர்லேர்ந்து வந்தோம், எங்கயும் எடம் கெடைக்கல. பத்து நிமிஷம்னு போனது, பில்லு போட்ற எடத்துல மாட்டிக்கினேன். தோ, இப்ப எடுத்துட்றேன்."

இப்போது எடுத்துவிடுகிறாராம். கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கிற காரின் காற்றைப் பிடுங்கினால் அது இன்னும் கெட்டியாக நிற்கும் என்கிற சின்ன விஷயம் அப்போதுதான் மதார் சாகிப்பின் மண்டைக்குள் இறங்கியது.

கார்க்காரர் சாவி போட்டார், கொஞ்சம் நகர்த்தினார், இறங்கினார். குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தார். "பஞ்சர் போலக்கீதே" என்றார். நாலு பேர் தள்ளிப் பார்த்தார்கள். சப்பையான சக்கரத்தோடு ஸ்டீயரிங் திரும்பவில்லை, திருப்பாமல் முன்னால் தள்ளினால் நேரே மின்கம்பம், பின்னால் தள்ளினால் சாக்கடை. ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்டதற்கு, அதில் ஆறு மாதமாகக் காற்றில்லை என்றார்.

சாபிரா வாளியோடு வாசலில் நின்றாள். வண்டியில் இருக்கிற தேக்சாவைப் பார்த்தாள், சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க மதார் சாகிப்புக்குத் தாளவில்லை. பத்தொன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு வில்லனாக வந்தது வெள்ளைக் கார் இல்லை, கட்டிய புருஷன்.

"பஞ்சர்லாம் இல்லபா. வால்வு பின்னுதான் இல்ல" என்றார் நின்ற இடத்திலிருந்தே.

கார்க்காரர் தலையைத் தூக்கினார். "குனிஞ்சிகூட பாக்காம கண்டுபுட்ச்சிட்டியே பாய். மெக்கானிக்கா?"

"அனுபவம்தான். இரு, என்னாண்ட ஒரு பின்னு கீது."

குட்டியானையின் ஸ்டெப்னியிலிருந்து பின்னைக் கழற்றினார். பஸ்ஸென்று தம்முடைய காற்றும் போயிற்று. அதை வெள்ளைக் காரில் மாட்டி, காலால் மிதிக்கிற பம்பை வைத்து மிதி மிதியென்று மிதித்தார். ஐம்பத்து மூன்று வயசுக்கு அது சாதாரண மிதி இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கார்க்காரர் சக்கரத்தைப் பார்த்தார், கேட்டில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார், பாயின் கையைப் பார்த்தார். பிறகு அவரே பம்பை வாங்கி மீதியை மிதித்தார்.

கிளம்பும்போது கையைக் கூப்பினார். "உன்ன மாதிரி நல்ல மன்ஷன் கீறதாலதான் பாய் ஊர்ல மழ பேயுது."

குட்டியானை சந்தை விட்டு வெளியே வரும்போது மணி பன்னிரண்டு பத்து.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நிற்கும். அதனால் மெட்ரோ பாலத்தை ஒட்டி டி.எச். ரோட்டிலேயே விட்டார். அங்கேயும் சும்மா இல்லை. ஒரு ஷேர் ஆட்டோ நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றியது. தண்ணி லாரி ஒன்று ரோட்டுக்கு வாசல் தெளித்துக்கொண்டே முன்னால் போனது. ஒருவன் போனில் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தான். மதார் சாகிப் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஹாரனை மட்டும் அழுத்திய கையை எடுக்காமல் அழுத்தினார்.

"உங்க கட்ட வெரலு இன்னாத்துக்கு இப்டி கருப்பா கீது?" என்று கேட்டாள் சாபிரா, டோல்கேட் தாண்டும்போது.

"பம்ப் அடிச்சேன்ல."

"பம்பு காலால இல்ல அடிச்சீங்க."

அவர் கட்டை விரலை ஸ்டீயரிங்குக்கு அடியில் மடக்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின், "அந்த ஆளு இன்னா சொல்ட்டு போனான் பாத்தியா, மழ பேயுதுன்னு" என்றார் மெதுவாக. சாபிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மண்டபம் தெரிந்தது. ஆனால் அது எதிர்ப்பக்கம், நடுவில் தடுப்பு. திரும்புகிற இடம் அரை கிலோமீட்டருக்கு அப்பால், அதுவரைக்கும் வண்டிகள் அசையாமல் நின்றன. மணி ஒன்றாக எட்டு நிமிஷம். தடுப்பில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. மதார் சாகிப் சாபிராவைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக பிஸ்மில்லா சொல்லி ராங் சைடில் இறங்கினார்.

இருநூறு அடி போவதற்குள் எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் பிரேக் போட்டாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள்.

"இன்னா பெர்சு, உன் வூட்டு ரோடா?"

தம் சொந்த டயலாக்கை மற்றவர் வாயில் கேட்பது எவ்வளவு கசப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டார், அவள் தலையிலடித்துக்கொண்டு ஒதுங்கினாள். மண்டபத்துக்கு அடுத்த வீட்டோரம் கொஞ்சம் இடம் இருந்தது. என்ன ஏது என்று பார்க்கவில்லை, வண்டியைச் செருகிவிட்டு ஆள் கூப்பிட ஓடினார்.

சாபிரா மாவை உடைத்து மூடியைத் தூக்கியபோது மதார் சாகிப் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தால் அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் பூவாக நின்றது. ஒன்று பத்துக்கு இலை விழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாவது தடவை கேட்டு வாங்கிவிட்டு, சமைத்தது யார் என்று விசாரித்தார். ஐரீன் டீச்சர் பந்தி நடுவிலேயே சத்தமாகச் சொன்னார்: "சாபிரா. வண்ணாரப்பேட்டை சாபிரா. கல்யாணத்துக்கும் அவங்கதான்."

சாபிரா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "பேரச் சொன்னாங்க, கேட்டீங்களா?" என்று புருஷனிடம் மட்டும் கேட்டாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் இந்தப் பேரைச் சாக்கடையில் வீசியவர் அவர்தான்.

இரண்டரைக்குக் காலி தேக்சாக்களோடு வெளியே வந்தார்கள். குட்டியானை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடது முன்சக்கரம் தரையோடு தரை.

அப்போதுதான் மதார் சாகிப் அந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார். அவர் வண்டியைச் செருகியிருந்தது ஒரு வீட்டின் கேட் வாசலில். உள்ளே ஒரு ஆட்டோ வெளியே வர வழியில்லாமல் கேட்டில் மூக்கை வைத்து நின்றது. கேட்டில் நீலப் பெயின்டில் எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று சொல்லவும் வேண்டுமா.

கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயசிருக்கும், பேர் சின்னப்பையன். "ஒரு மணிக்கு ஏர்போர்ட் சவாரி ஒண்ணு இருந்துது பாய். என் மவன் பாத்து பாத்து வேற வண்டிக்கு மாத்தி வுட்டான்" என்றார். கோபம் எல்லாம் வடிந்துபோன குரல்.

"தப்புதான் பெர்சு. சோறு நேரமாயிடுச்சி, கண்ணு தெரியல" என்றார் மதார் சாகிப். "தோ எடுத்துட்றேன். பஞ்சர் வேற ஆயிடுச்சி."

"பஞ்சர்லாம் இல்ல பாய். வால்வு பின்னுதான் இல்ல."

நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. மதார் சாகிப்பின் பார்வை தானாகப் பெரியவரின் கைக்குப் போயிற்று. கட்டை விரல் கருப்பாக இருந்தது.

அவர் தம் ஸ்டெப்னியைப் பற்றி நினைத்தார், அதன் வால்வு பின்னு இந்நேரம் மீஞ்சூரில் இருக்கும். சாபிரா அதற்குள் ஒரு தட்டு நிறைய பிரியாணியும் தால்சாவும் கொண்டுவந்து பெரியவர் மடியில் வைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவர் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் அவருக்கு இறங்கவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"இரு பாய். வூட்டாண்ட ஒரு பின்னு கெடந்தா மாதிரி ஞாபகம்."

உள்ளே போகவில்லை. கேட்டுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்துவந்தார். இவராவது சாக்கடையில் போடவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். ஆட்டோவிலிருந்து பம்பையும் எடுத்து, வேண்டாம் என்றாலும் கேட்காமல் தாமே மிதித்தார். எழுபது வயசுக் கால். மதார் சாகிப் பாதியில் வாங்கி மீதியை மிதித்தார். சக்கரம் நிமிர்ந்ததும் கை கூப்பினார்.

"உன்ன மாதிரி நல்ல மன்ஷன் கீறதாலதான் பெர்சு ஊர்ல மழ பேயுது."

சொல்லி முடித்ததும் கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. சக்கரத்தைப் பார்த்து, கேட்டைப் பார்த்து, தம் கையைப் பார்த்த மீஞ்சூர்க்காரரின் முகம் கண் முன்னால் வந்தது. காலையிலிருந்து பெருமையாகச் சுமந்துவந்த அந்த வாக்கியத்தை அவரும் இதே குரலில்தான் சொல்லியிருந்தார்.

மதார் சாகிப் வண்டியில் ஏறினார். சாபிரா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, மிச்சமிருந்த பிரெட் அல்வாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் வெளங்கிச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பாதி அல்வாவை அவர் பக்கம் நீட்டினாள்.