முந்நூறு பேருக்கு ஒரே பட்டியல்

பொத்தேரியில் பூபாலன் நடத்தும் மாணவர் மெஸ்ஸுக்கு ஜெபா ஒரு செயலி எழுதினாள். பூபாலன் அதை ஏற்றுக்கொண்டால்தான் மென்பொருள் நிறுவனத்தில் அவளுடைய வேலை நிரந்தரமாகும்.

வேண்டாத உணவை மாணவர்கள் செயலியில் குறிக்கலாம். முதல் நாள் ஒருவன் கத்தரிக்காய் வேண்டாம் என்றான். ஒருத்தி பூண்டு வேண்டாம் என்றாள். பத்து மணிக்குள் முந்நூறு பேருக்கும் எதுவுமே வேண்டாம் என்று திரை காட்டியது.

பூபாலன் போன் செய்தார். "இன்னாம்மா, சோறு கூட வேணாம்னு கீது. எல்லாரும் விரதமா?"

ஜெபா நிரலைத் திறந்து பார்த்தாள். 'வேண்டாதவை' பட்டியலை, எல்லா மாணவருக்கும் அச்சாக இருக்கும் 'மாணவர்' என்ற நிரல் கிளாஸின் பொது மாறியாக வைத்திருந்தாள். ஒருவர் சேர்த்தது எல்லோர் தலையிலும் விழுந்தது. ஒவ்வொரு மாணவரும் பதிவாகும்போது அவருக்கென்று தனிப் பட்டியல் உருவாகும்படி 'இனிட்' பகுதிக்குள் அதை மாற்றினாள். இப்போது நிரலில் ஒரு பிழையும் இல்லை.

மறுநாளும் போன் வந்தது. "முந்நூறு பேருக்கு முந்நூறு லிஸ்ட்டு. என்னாண்ட ஒரே குண்டான்தாம்மா கீது."

"அதுதாண்ணே சரியான முறை."

"சரியா இருந்துட்டுப் போவட்டும். எல்லாருக்கும் பொதுவா ஒரு லிஸ்ட்டு போடு. அதுல நான் மட்டும் எழுதறேன்."

ஜெபா அந்த 'மாணவர்' கிளாஸில் 'இன்றைய சமையல்' என்ற பொது மாறியைச் சேர்த்தாள். பூபாலன் அதில் கத்தரிக்காய் சாம்பார் என்று எழுதினார். அன்று மாலையே அவள் வேலை நிரந்தரமானது. மாணவர்களின் தனிப் பட்டியல்கள் துல்லியமாகச் சேமிக்கப்படுகின்றன. யாரும் அவற்றைத் திறப்பதில்லை.