கூடாரக் காலில் கட்டிய மஞ்சள் துணி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பந்திங்கிலிருந்து வேன் வரும். என் மூத்த மாப்பிள்ளை விமலனை ஏற்றிக்கொண்டு போகும். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று அங்கே இருக்கிறது. அனுப்புவது என்று முடிவு செய்தது நான் இல்லை, அவர் பெண்டாட்டி தாமரை, என் மூத்த மகள். அவளைத் தடுக்க என்னால் முடியும். நடந்ததை நடந்தபடி நான் சொன்னால் போதும். பதினான்கு மாதமாகச் சொல்லாமல் இருக்கிறேன்.

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் குமுதா வீடு எது என்று கேட்டால், வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் என் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு இந்த வாய் இல்லாமல் நான் பிழைத்திருப்பேனா? விமலன் லோரி ஓட்டியவர். அடித்தாலும் ஏன் என்று கேட்காத சாது. எனக்கு அதுதான் ஆகாது. கல்யாணமாகி மூன்றாம் மாதமே வாடகை கட்ட முடியாமல் பெண்டாட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் பேசுவேன். குத்த வேண்டியதை அதற்குள்ளேயே வைத்துக் குத்துவேன்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் இளையவள் மாதவிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் கல்யாணம். முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் நலங்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருவதாக இருந்தது. வாசலிலிருந்து பாதிச் சாலை வரைக்கும் கூடாரம் போட்டேன், இந்த ஊர்ப் பேச்சில் கெமா. போட்டவன் முகமது ரஃபீக். ராமநாதபுரத்துக்காரன், பெர்மிட்டில் மலேசியாவுக்கு வந்து ஆறு வருஷமாக இங்கே இந்த வேலைதான் செய்கிறான்.

கல்யாண வீட்டில் முகூர்த்தக்கால் நட வேண்டும். வாசலில் ஒரு மூங்கிலை நட்டு, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து மாவிலையோடு அதில் கட்டுவோம். தாலி ஏறும்வரை அது சாயக்கூடாது. சாய்ந்தால் பெண்ணுக்கு ஆகாது. என் வாசலோ முழுக்க சிமெண்டு. எங்கே போய் நடுவது? கூடாரத்தின் இரும்புக் கால் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மஞ்சள் துணியை அதிலேயே கட்டிவிட்டேன்.

ரஃபீக் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அக்கா, கெமா கால்ல கட்டாதீங்க. வாளியில மண்ணப் போட்டு மூங்கில நட்டுக்குங்க."

"ஏன், உன் இரும்பு தேஞ்சிருமா?"

"அதுக்கில்லக்கா. இப்பல்லாம் சாயங்காலமானா பேய்க்காத்து அடிக்குது. அப்படி வந்தா பக்கவாட்டுல கட்டுன துணிய அவுத்து விட்டுட்டு எல்லாரும் உள்ள போயிடுங்க. கெமா பறந்தா பறக்கட்டும். யாரும் காலப் புடிக்கக் கூடாது, ஆளையே தூக்கிரும்."

"எங்க சடங்க நீ எனக்குச் சொல்லித் தரியா? போப்பா, போய் நாற்காலிய இறக்கு."

அவன் என் பின்னால் நின்ற விமலனைப் பார்த்தான். விமலன் புரிந்தது என்று தலையை ஆட்டினார். நாற்காலிகளை இறக்கிவிட்டு ரஃபீக் போய்விட்டான்.

மூன்றரை மணிக்குத் துறைமுகம் பக்கம் வானம் கறுத்தது. மேகத்துக்கு அடியில் வால் மாதிரி ஒன்று இறங்கி ஆடிக்கொண்டே வந்தது. அந்த மாதிரிக் காற்றை டிவியில் பார்த்திருக்கிறேன். அது எங்கள் தாமானுக்கு வழி விசாரித்துக்கொண்டு வரும் என்று யார் கண்டது? எதிர்வீட்டுத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. பிளாஸ்டிக் நாற்காலிகள் சாலையில் உருண்டன. கூடாரம் ஆட ஆரம்பித்தது.

இந்த ஊரில் கூடாரம் ஆடினால் ஆம்பிளைகள் ஓடிப்போய்க் காலைப் பிடிப்பார்கள். எத்தனை கல்யாணத்தில், எத்தனை சாவு வீட்டில் பார்த்திருக்கிறேன். காற்று அடங்கும்வரை சிரித்துப் பேசிக்கொண்டே தொங்குவார்கள். அன்றைக்கும் அக்கம்பக்கத்து ஆள்கள் மூன்று பேர் ஓடி வந்து மூன்று காலைப் பிடித்தார்கள். நான்காவது, மஞ்சள் துணி கட்டிய கால். அங்கே விமலன் வந்தார், கையில் சமையலறைக் கத்தியோடு. பிடிக்க வரவில்லை. கூடாரத்தின் பக்கவாட்டுத் துணியின் கயிற்றை அறுக்க வந்தார்.

"அத்தை, தள்ளுங்க. அறுத்து விட்டுடறேன்."

"முகூர்த்தக்கால் சாயும்."

"சாஞ்சா சாயட்டும் அத்தை. உள்ள போங்க."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். மரியாதை எல்லாம் காற்றோடு போனது.

"சோத்துக்கு வந்தவன் நீ, என் பொண்ணு வாழ்க்கை சாயட்டும்ன்றியா? கத்தியக் கீழ போட்டுட்டுப் புடி. அந்த மூணு பேரும் ஆம்பளைங்க, நீ மட்டும் பயந்தாங்கொள்ளி. அறுத்தேன்னா இந்த வாசப்படி ஏறக்கூடாது."

விமலன் கத்தியைக் கீழே வைத்தார். அதைக்கூட ஓரமாக, யார் காலிலும் படாமல் வைத்தார். பிறகு இரும்புக் காலைப் பிடித்தார்.

கூடாரம் மொத்தமாக எழும்பியது. பாதம் தரையை விட்டதும் மற்ற மூவரும் கையை விட்டுக் குதித்துவிட்டார்கள். விமலன் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"விடாத."

விடவில்லை. எதிர்வீட்டுக் கூரை உயரத்துக்குப் போனார். பிறகு சாலையோர லொங்காங் சாக்கடையின் சிமெண்டு விளிம்பில் முதுகு அடிபட விழுந்தார். முறிந்த இரும்புக் கால் அவர் கையிலேயே இருந்தது. மஞ்சள் துணி அவிழவே இல்லை. காறித் துப்புவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். நான் முதலில் பார்த்தது அந்தத் துணியைத்தான்.

ஆம்புலன்ஸில் தாமரை ஏறிப்போனாள். அவள் வீட்டுக்குள் மாதவிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள். காற்றின் சத்தத்தில் நான் கத்தியது அவளுக்கும் கேட்கவில்லை, மற்ற மூவருக்கும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் காலில் சுளுக்கு என்று சொன்னேன். அன்று சாயங்காலமே துணியை அவிழ்த்து, வாளியில் மண் போட்டு, மூங்கிலை நட்டு அதில் கட்டினேன். ரஃபீக் சொன்ன மாதிரியேதான். மறுநாள் காலை ஒன்பதரைக்கு மாதவி கழுத்தில் தாலி ஏறியது. தாமரை நலங்குக்குக் கட்டிய புடவையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வாரம் அவருக்குப் பேச்சு தெளிந்தது. தாமரை கேட்டாள்.

"மூணு பேரும் விட்டாங்கதானே. நீங்க மட்டும் ஏன் விடல?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்கைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"தோணல" என்றார்.

அன்றிலிருந்து என் மகள் மனசு கல்லாகிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஃபேக்டரி வேலை, வாரத்தில் நாலு நாள் டபுள் ஷிப்ட். வீட்டுக்கு வந்ததும் அவர் காது படவே பேசுவாள். "வீரம் காட்டப் போயி என் தலையில கல்லப் போட்டுட்டாரு. ஒரு நிமிசம் என்னய நெனச்சிருந்தா விட்டிருப்பாரு." அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, சோறு கொடுப்பது எல்லாம் நான்தான். இந்தப் பதினான்கு மாதத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். அவர் அந்த வழியையும் எனக்குக் கொடுக்கவில்லை.

போன வாரம் தாமரை இல்லத்தின் தாள்களில் கையெழுத்துப் போட்டாள்.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடியும் காற்று கிளம்பியது. அவர் கட்டில் ஹாலில், ஜன்னலை ஒட்டி. மழை உள்ளே அடித்தது. ஜன்னலைச் சாத்த நான் அவருக்கு மேலே குனிந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் இன்னும் லோரி ஓட்டிய பலம் இருக்கிறது.

"அத்தை, தாமரைகிட்ட சொல்லுங்க."

"என்னத்த?"

"அன்னிக்கு நீங்க சொன்னத."

"கைய விடுங்க மாப்ளே. மெத்தை நனையுது."

"நான் சொன்னா உங்க மேல பழியப் போடறேன்னு நெனைப்பா. நீங்களே சொல்லுங்க. நான் அவள நெனைக்காம இல்ல. இந்த வீட்ட விட்டா அவள எங்க கூட்டிட்டுப் போவேன்னு நெனச்சுதான் புடிச்சேன். அது அவளுக்குத் தெரியணும். அதுக்கப்பறமும் அனுப்பறதுன்னா அனுப்பட்டும்."

நான் கையை இழுத்தேன். விடவில்லை. மழை அவர் முகத்திலும் என் தலையிலும் கொட்டியது. அப்போது தாமரை நனைந்துபோய், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"என்னம்மா இது? ஏன் கையப் புடிச்சிட்டிருக்காரு?"

விமலன் என்னைப் பார்த்தார். அன்று பார்த்த அதே பார்வை. சொன்னால் அவர் இங்கேயே இருப்பார், எனக்குத் தெரியும். தாமரை என் மூஞ்சியில் முழிக்கமாட்டாள். அப்படியே மாதவி காதுக்கும் போகும், அவளுக்கு இது ஏழாம் மாதம். இரண்டு பெண்களும் போன பிறகு இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்? எனக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணுமில்லடி. காத்துச் சத்தம் கேட்டுப் பயந்துட்டாரு, பயந்தாங்கொள்ளி" என்றேன்.

அவர் கையை விட்டார்.

தாமரை எட்டி ஜன்னலைச் சாத்தினாள். "இந்தப் பயம் அன்னிக்கு வந்திருந்தா எவ்வளவோ நல்லாருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உடை மாற்றப் போனாள்.

நான் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். இல்லத்துக்கு நாலு சட்டையும் மூன்று சாரமும் கொடுத்தனுப்ப வேண்டுமாம். அலமாரியைத் திறந்து எடுத்து மடித்து வைத்தேன். இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் இருக்கிறது. நான் சொல்லமாட்டேன். அது அவருக்கும் தெரிந்துவிட்டது.