தரை தொடாத ஆறு நாற்காலிகள்

விற்பனைக்கு வந்த ஆறு பழைய சாப்பாட்டு நாற்காலிகளும் பதினோரு வருடமாகத் தரைக்கு நான்கு விரற்கடை மேலே நின்றுகொண்டிருந்தன. சான்று எழுத வந்த மதிப்பீட்டாளரை அது முதலில் உறுத்தவில்லை. கவிழ்த்துப் பார்த்தார், மூட்டுகளைக் கட்டைவிரலால் அழுத்தினார், பூச்சித் துளைகளில் புது மாவு உதிர்கிறதா என்று டார்ச் அடித்தார். தேக்கு, பழைய பிரம்பு, மாற்றாத திருகுகள். கடைசியாகத் தரையில் வைத்து ஆட்டிப் பார்க்கவேண்டும். வைக்க முடியவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தார். அவர் கால்கள்தான் தொங்கின. வீட்டுக்காரர் இரண்டு மணல் மூட்டைகளை ஏற்றினார். நாற்காலி லேசாக அசைந்து, பழைய உயரத்துக்கே வந்து நின்றது.

"நாலு காலும் தரையில படாம, ஆட்டம் இருக்கா இல்லையான்னு எதை வெச்சும்மா எழுதறது?"

"ஆட்டமே இல்லைன்னு எழுதிடுங்க சார். பொய்யா அது?" என்றாள் வீட்டம்மாள்.

"நாளைக்குக் கடவுள் கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?"

நாற்காலிகளை வாங்கும் உணவகக்காரர் நாளை மறுநாள் வண்டியோடு வந்துவிடுவார். வீடும் கைமாறிவிட்டது, குடிபோகப்போகும் இரண்டு அறை வீட்டில் இந்தச் சாப்பாட்டு மேசையும் நுழையாது. மதிப்பீட்டாளர் குட்டி போட்ட பூனைபோல அறையைச் சுற்றினார். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மதியம், உப்பில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், வீட்டம்மாளின் தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியேறினான். அவன் பின்னாலேயே அப்பா எழுந்தார். அவளும் கணவரும் இரண்டு மகள்களும் எழுந்தார்கள். நாற்காலிகளும் எழுந்தன. நான்காம் மாதம் அப்பா இறந்தார். தம்பி இடுகாட்டோடு திரும்பிவிட்டான். அன்றிலிருந்து அந்தக் குடும்பம் தட்டும் கையுமாக நடந்துகொண்டே சாப்பிட்டது. மகள்கள் கல்யாணமாகிப் போன இடத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"தம்பியைக் கூப்பிட்டுப் பாருங்களேன்," என்றார் கதையைக் கேட்ட மதிப்பீட்டாளர்.

"எந்த முகத்தோட கூப்பிடறது?" அவள் பிரம்பின் தூசியை முந்தானையால் துடைத்தபடி சொன்னாள். "மேசையும் போயிடுச்சுன்னா, அப்புறம் அவனை எங்க உக்காரச் சொல்லுவேன்?"

மதிப்பீட்டாளர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தம்பி மூன்று தெரு தள்ளி மின்விசிறி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான்.

"ஒரு நாற்காலியில பின்னங்கால் ரெண்டும் மட்டும் தேஞ்சிருக்கு," என்றார் மதிப்பீட்டாளர். "பின்னால சாஞ்சு ஆடறவர் நீங்கதானே?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கு அப்பாகிட்ட வாங்காத திட்டா!" பிறகு திருப்புளியைக் கீழே வைத்தான். "அக்கா அனுப்புச்சா?"

"இல்ல. எனக்கு வேலை முடியணும். கொஞ்சம் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

வாசலில் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். மேசை முன் தன் பழைய நாற்காலியில் ஏறி, கால்கள் தொங்க அவன் உட்கார்ந்தான். ஒரு வாய் சாப்பிட்டதும், "இன்னைக்கும் உப்பு கம்மிதான்க்கா," என்றான்.

"எந்திரிச்சுப் போயிடுவியோ?"

"போட்டுக்கறேன், குடு."

அவன் தட்டை வழித்து முடித்தபோது ஐந்து நாற்காலிகள் சத்தமில்லாமல் இறங்கின. மேசையின் தலைப்பக்கம் இருந்த அப்பாவின் நாற்காலி மட்டும் இறங்கவில்லை. சற்று நேரம் காத்திருந்தார்கள். மீதிச் சோற்றைச் சாப்பிட அவர் வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா அதன் கைப்பிடியில் கை வைத்து அழுதாள். தம்பி எழுந்துபோய் அவளுக்கு ஒரு தட்டு வைத்து, தானே பரிமாறினான்.

மதிப்பீட்டாளர் ஐந்தையும் ஆட்டிப் பார்த்தார். கடவுளை நினைத்துக்கொண்டு எழுதினார்: 'ஐந்தில் ஆட்டம் இல்லை. ஆறாவது மிதக்கும். குறையாகக் கொள்ளவேண்டியதில்லை.'

உணவகக்காரர் அதைப் படித்துவிட்டு, மிதந்தால் பெருக்க வசதி, ஆறும் வேண்டும் என்றார். முதல்முறையாகத் தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "அப்பா நாற்காலி எங்க வீட்டுல இருக்கட்டுமாக்கா?"

"கேக்கணுமா? வாரத்துக்கு ஒருநா நானும் வந்து உக்காருவேன். அவ்வளவுதான்."

உணவகக்காரர் ஐந்தோடு கிளம்பினார். அப்பாவின் நாற்காலியில் கயிறு கட்டித் தம்பி முன்னால் நடந்தான். அக்கா பின்னால் பிடித்துக்கொண்டாள். வேகத்தடையில் அது தானாகவே கொஞ்சம் ஏறி இறங்கியது. எதிரே வந்த பால்காரர் சைக்கிளை ஓரங்கட்டி, "பாத்துப் போங்க, முன்னால பள்ளம் இருக்கு," என்றார்.