பட்டியலில் இல்லாத தெரு

மூன்றாவது கேனையும் மாடிக்குத் தூக்கி வந்து வைத்தாள் நிகத். தெரு முழுக்கத் தண்ணீர், வீட்டுக்குள்ளும் தண்ணீர். அத்தாவைக் குளிப்பாட்டத்தான் ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லை. மெயின் ரோட்டுக் கடையில் கேன் வாங்கி, முழங்கால் அளவுச் சேற்றுத் தண்ணீரில் மூன்று நடை நடந்திருந்தாள். குளிப்பாட்ட ஜமாஅத்து ஆண்கள் இனிமேல்தான் வர வேண்டும்.

அவளுடைய அப்பா கௌஸ் மொய்தீன் பக்கத்து வீட்டுப் பொன்னுசாமியின் மாடி அறையில், பாயின் மேல் உயிரில்லாமல் கிடந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரித் தண்ணீர் தெருவுக்குள் பாய்ந்தபோது, மிதக்க ஆரம்பித்த ஸ்கூட்டரைப் பிடிக்கப் போனவர், மூடியில்லாத சாக்கடையில் காலை விட்டுவிட்டார். சிறுபாலத்துக்கு அடியில் சிக்கிக் கிடந்தவரை இழுத்தெடுத்தது பொன்னுசாமிதான். அறுபது வயது மனிதர், ஒற்றை ஆளாகப் படியேற்றிக் கொண்டு வந்து கிடத்தியிருந்தார்.

குருபரப்பள்ளி தாண்டி, ஏரியின் உபரி ஓடையை மேடாக்கிப் போட்ட மனைகள் அவை. லேக் வியூ நகர் என்று பெயர் வைத்து விற்றார்கள். ஏரியைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியவர்களை ஏரியே வந்து பார்த்துவிட்டது.

நிகத் தாலுகா அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் தண்ணீர் புகும் தெருக்களைப் பட்டியல் போட்டது அவள்தான். பட்டியலில் இருக்கும் தெருவுக்கு ஒலிபெருக்கி ஆட்டோ போகும், முதல் நாள் சாயங்காலமே ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போக வேன் வரும். அதில் பன்னிரண்டாவதாக லேக் வியூ நகரையும் டைப் அடித்து வைத்திருந்தாள். அத்தாவிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் விட்டாள்.

அன்றைக்கே தெருச் சங்கச் செயலாளர் பொன்னுசாமியையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார் அத்தா.

"நம்ம தெருவ மட்டும் வுட்டுரும்மா. தண்ணி பூர்ற எடம்னு கவர்மென்ட்டே எழுதிட்டா எந்த பேங்குக்காரன் லோன் குடுப்பான்? ஒரு மனை விக்குமா? புயலெல்லாம் கடலோரத்துக்காரங்களுக்கு. நாம மலை மேல இருக்கறோம்."

அத்தா அதுவரை எதையும் அவளிடம் கேட்டதில்லை. மறுநாள் அந்த வரியை அழித்தாள். பதினோரு தெருக்கள் மிஞ்சின. நேற்றுச் சாயங்காலம் பதினோரு தெருக்களுக்கும் ஆட்டோ போனதா என்று போன் போட்டுப் போட்டுச் சரிபார்த்தவளும் அவள்தான். இரவு முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டுக் காலையில் வந்தவளுக்கு, தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

பொன்னுசாமி அவளைப் படிக்கட்டு ஓரமாகக் கூப்பிட்டார். கண்கள் சிவந்திருந்தன. அழுதிருந்தார்.

"கண்ணு, வி.ஏ.ஓ. வந்துக்கிட்டு இருக்குது. நெஞ்சுவலின்னு சொல்லிருவோம். தண்ணியில போனார்னு எழுதுனா ஜி.எச்.சுக்குக் கொண்டு போயி அறுப்பாங்க. இன்னைக்கு லுகர் தொழுகைக்கு அடக்கம் பண்ண முடியுமா? மொய்தீன் பாயை அந்தக் கோலத்துலயா பாக்கணும்?" குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தெரு பேரும் அடிபடாது."

முதலில் சொன்னதை அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் நிகத்துக்குத் தாங்கவில்லை. உள்ளே போனாள்.

அம்மா முனவர் பேகம் பாயருகே உட்கார்ந்து, அத்தாவின் காதுக்குள் இருந்த சேற்றை முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அறுக்க வுட்டுராத நிகத்து. ஊசி போட்டாலே மொகத்தத் திருப்பிக்குவாரு."

"அம்மா, நம்ம தெரு பட்டியல்ல இருந்துச்சு. நாந்தான் அழிச்சேன். அத்தா சொன்னாங்கன்னு அழிச்சேன்."

அம்மாவின் கை நின்றது. ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வீரலட்சுமி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி, தன் வீட்டுச் சாமான்களை ஜன்னல் வழியே வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாடகைக்குத் தரைத்தளத்தில் இருப்பவள்.

"இருந்திருந்தா வண்டி வந்திருக்குமா?" என்று கேட்டாள் அம்மா.

"வந்திருக்கும்."

"நேத்து சாயங்காலமே?"

"ஆமா."

அம்மா அவளை அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா போர்வையை இழுத்து அத்தாவின் முகத்தை மூடினாள்.

"அப்ப அந்தக் கேனெல்லாம் மூடி வையி," என்றாள். "தண்ணியிலதான்னு எழுதட்டும், அடுத்த மழைக்காவது வண்டி வரட்டும். குளிப்பாட்டறது ஆஸ்பத்திரில இருந்து வந்தப்புறம்தான்."

வி.ஏ.ஓ. ரேவதி சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு படியேறி வந்தார். நிகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நோட்டைத் திறந்தார்.

"எப்படி ஆச்சு?"

"திடீர்னு நெஞ்ச..." என்று ஆரம்பித்தார் பொன்னுசாமி.

"தண்ணில மேடம்," என்றாள் நிகத். "சாக்கடைல விழுந்து."

"இந்தத் தெரு நம்ம பட்டியல்லயே இல்லியேம்மா?"

"இருந்துச்சு. ஆபீஸ்ல யாருக்கும் சொல்லாம நான்தான் எடுத்தேன். அதையும் எழுதிக்குங்க."

ரேவதியின் பேனா நின்றது. "வேலை போயிரும் நிகத்," என்றார் மெதுவாக. நிகத் தலையாட்டினாள். பேனா மறுபடி ஓடியது. பொன்னுசாமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. தெருவுக்குள் வண்டி இறங்காது என்று டிரைவர் கையை விரித்தார். ஜமாஅத்திலிருந்து வந்த நால்வர் ஸ்ட்ரெச்சரைத் தோளுக்கு உயர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். நிகத் அம்மாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். மாடி ஜன்னல்களில் எல்லாம் முகங்கள்.

பொன்னுசாமி எங்கிருந்தோ ஒரு மூங்கில் கழியோடு ஓடி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழியால் தண்ணீருக்குள் குத்திக் குத்திப் பார்த்தபடி எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

"எடது பக்கம் வராதீங்க, மூடி இல்ல," என்று திரும்பிச் சத்தம் போட்டார். "இங்க பள்ளம். பாத்து, இங்க ஆழம்."

தெரு முனை வரைக்கும், ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும், தொண்டை கட்டும்படி சொல்லிக்கொண்டே போனார்.