குறைந்த வாடகைக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில், என் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மதியத்தில், சென்னை பஸ்ஸுக்காக மகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மின்வாரிய லைன்மேன் ஒருவர் சொன்னது. முக்கால்வாசி அவருடையது, மீதி நான் போட்டது. எது எதென்று கேட்காதீர்கள். சொல்லி முடித்த பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, எழுதுகிற ஆளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் பேரையெல்லாம் மாற்றிவிடுங்கள் என்றார். மாற்றிவிட்டேன். இனி அவர் ராஜவேல். ஊர் ஆண்டிமடம். மகள் லாவண்யா.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'மாநகரத்தின் இரக்கமற்ற சுவர்களுக்கு நடுவே, மகளுக்காக ஒரு கூரை தேடி அலைந்த அந்த அப்பாவித் தந்தை'

அதோடு நிறுத்திவிட்டேன். ராஜவேல் அப்பாவி கிடையாது. கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடுபவர்களை இருபத்திரண்டு வருடமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பவர். ஒரு வீட்டில் மீட்டர் மெதுவாக ஓடினால், மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைக்கமாட்டார். கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார்.

2

லாவண்யாவுக்குச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் கிடைத்தது. விடுதியில் இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் அவளுக்கு முன்னால் நூற்றுச்சொச்சம் பேர். அப்பாவும் மகளும் செல்போனை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தைச் சுற்றி வீடு தேடினார்கள். ஒன்பது இடங்களுக்குப் பேசினார்கள். ஆறு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்குக் கேட்ட வாடகை, ஆண்டிமடத்தில் மாடியும் கீழுமாக ஒரு முழு வீட்டுக்குப் போதும். ஒன்பது பேரும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள்: நீங்கள் என்ன ஆளுங்க?

ராஜவேலுக்கு அந்தக் கேள்வி உறுத்தவில்லை. அவரும் கேட்கிறவர்தான்.

பத்தாவதாக ஒரு விளம்பரம். மாடியில் தனி அறை, மாணவிக்கு மட்டும், அரியலூர் மாவட்டத்துப் பெண்ணாக இருந்தால் நல்லது. வாடகை மற்றவர்கள் கேட்டதில் பாதிகூட இல்லை. பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம்.

லாவண்யா சந்தோஷப்பட்டாள். ராஜவேல் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

3

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். எடுத்தது ஒரு பெண், பெயர் சுமதி, குரலுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வூடு சின்னதுதான், ஆனால் காற்று நன்றாக வரும் என்றாள். வீட்டை அரியலூர்ப் பக்கத்தில் சொல்கிற அந்த 'வூடு' ராஜவேலை இன்னும் உஷாராக்கியது. ஊர்ப்பேச்சைப் பழகிக்கொண்டு ஏமாற்றுபவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார்.* முன்பணம் வேண்டாம், பெண் வந்து பார்க்கட்டும் என்றாள். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். உடையார்பாளையம் என்றாள்.

"விசாரிக்கணும்னா பஞ்சநாதன்னு கேளுங்க. எங்கண்ணன்தான்."

சொன்ன வேகத்திலேயே மாற்றிக்கொண்டாள்.

"வேணாங்க. அவர்ட்ட கேக்காதீங்க."

ஒரு பெயரைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டால், ராஜவேல் போன்ற ஒருவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் காலை மகளைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்தார்.

(* உண்மையில் கேள்விப்பட்டிருந்தாரா, அவர் பயத்துக்கு நான் ஒரு காரணம் செய்து கொடுத்தேனா? தெரியவில்லை. இருக்கட்டும்.)

4

பஞ்சநாதனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். ராஜவேல் விஷயத்தைச் சொல்லத் தொடங்கி, சுமதி என்ற பெயரைச் சொன்னதும், அவர் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. பிறகு மறுபடி திருகினார்.

"எனக்குக் கூடப்பொறந்த பொம்பளைங்க யாரும் இல்லைங்க."

ராஜவேலுக்கு நெஞ்சு குளிர்ந்தது. (துக்கமான ஒரு வார்த்தையைத்தான் இந்த இடத்தில் எழுதியிருந்தேன். ஆனால் அவர் சொன்னது அப்படித்தான்: "அப்பாடான்னு இருந்துச்சு சார்.") பிடித்துவிட்டார் கொக்கியை. சைபர் கிரைமுக்கு எழுதிப்போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அதற்குள் பஞ்சநாதன் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்துவிட்டார். அப்பாவைப் பார்க்கவில்லை. மகளிடம் கேட்டார்:

"அந்தப் பொம்பள தனியாவா இருக்கு?"

இதை என்னிடம் சொன்னவள் லாவண்யா. அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்த இடைவெளியில் சொன்னாள். அப்பா இந்த வரியை என்னிடம் சொல்லவே இல்லை.

தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். பாதி தூரம் வந்த பிறகு அப்பாவிடம் கேட்டாள்: தங்கச்சியே இல்லாதவர், அவள் தனியாக இருக்கிறாளா என்று எதற்காகக் கேட்க வேண்டும்? ராஜவேல் ஹாரனை அடித்தார். எதிரே யாரும் வரவில்லை.

5

சாயங்காலம் லாவண்யாவே சுமதிக்குப் பேசினாள். அண்ணன் என்ன சொன்னார் என்று சுமதி கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தோரு வருடத்துக்கு முன் வேறு சாதி ஆள் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சென்னைக்குப் போனவள். பிள்ளைகள் இல்லை. கணவர் தை மாதம் இறந்துபோனார்.

வாடகை ஏன் குறைவு என்று ராஜவேல் குறுக்கே கேட்டார்.

"வூட்டுல நம்மூரு பேச்சு காதுல விழணும்னு இருந்துச்சுங்க. அதுக்கு மேல வாடகை கேட்டா நல்லாவா இருக்கும்?"

அவர் அதையும் நம்பவில்லை. மின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். உடனே வந்தது. மனிதர்கள் பேசுவதைவிட அந்த வெள்ளை அட்டையை அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். பெயர் சரி, முகவரி சரி. தை வரைக்கும் ஒரே அளவில் ஏறி வந்த யூனிட், அதற்குப் பிறகு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு விசிறி, ஒரு விளக்கு. சமையல்கூட ஒரு வேளைதான் இருக்கும். அட்டையில் பொய் இல்லை.

இந்த இடத்தில் அவருடைய சந்தேகம் தீர்ந்தது என்று எழுதி ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அது தீரவில்லை, இடம் மாறியது. இப்போது அவர் மகளைப் பார்த்தார். அந்த வீட்டு மாடியில் இரண்டு வருடம் இருந்தால் இவளுக்கு எதுவெல்லாம் சாதாரணமாகத் தெரியத் தொடங்கும்?

"ஏமாத்துக்காரியா இருந்திருந்தா நிம்மதியா இருந்திருக்கும் சார்," என்றார் என்னிடம்.

அவர் நேர்மையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். என் பங்குக்கு நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைச் சொல்வதற்கு முன் அவர் என்னிடம், நீங்கள் என்ன ஆளுங்க என்று கேட்டார். நான் சொன்னேன். அதன் பிறகுதான் சொல்லத் தொடங்கினார். சுமதி மட்டும் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

6

ஆண்டிமடத்துக்காரர்கள் சென்னைக்கு விருத்தாசலம் வழியாகத்தான் போவார்கள். இவர்கள் ஏன் பெரம்பலூருக்கு வந்தார்கள் என்று உங்களுக்கும் சந்தேகம் வந்திருக்கலாம். கூட வேலை பார்த்த ராசாங்கம் என்பவர் இப்போது பெரம்பலூரில் இருக்கிறார். அவர் மகள் சென்னையில் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில், எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். ராசாங்கத்திடம் விலாசம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார் ராஜவேல். சுமதியின் விலாசம் லாவண்யாவின் செல்போனில் இருந்தது.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பஞ்சநாதனும் அதே பஸ்ஸில் ஏறுகிறார். பொய். இன்னொன்றில் ராஜவேல் சுமதியின் வாசலில் கைகூப்பி நிற்கிறார். அது அவர்மேல் நான் கொக்கி போட்டுத் திருடுவது. மூன்றாவதில் அந்த எட்டுப் பேர் அறையில் லாவண்யா சுவரைப் பார்த்துப் படுத்தபடி

அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். பஸ் வந்து நின்றது. ராஜவேல் பெட்டியைத் தூக்கினார். அப்போது லாவண்யாவின் போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு, அப்பா கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது. எந்த பஸ், எத்தனை மணிக்கு வரும், நான் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கட்டுமா என்று கேட்டாள் சுமதி. ராஜவேல் போனைப் பிடித்தபடியே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கண்டக்டர் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார்.

லாவண்யா அப்பாவின் கையிலிருந்து போனை மெதுவாக எடுத்தாள்.

"ஆறரைக்கு வந்துடுவோம். வந்து நில்லுங்க அத்த."

அப்பாவின் அக்காவை, தங்கச்சியைக் கூப்பிடும் சொல். ராஜவேலுக்கு அது புரியாமல் இருக்காது. பெட்டியோடு, மகளுக்கு முன்னால் ஏறினார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். மறுபடி உள்ளே வைத்தாரா, கசக்கினாரா என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

என் பஸ் அடுத்தது. என்னிடம் சுமதியின் எண் இல்லை. இருந்தாலும் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கமாட்டேன். மணி ஆறரை ஆகட்டும். சென்னையில் பஸ் நிற்கிறது. கீழே ஒரு பெண் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலில் இறங்குவது ராஜவேல். அவரை அவளிடம் என்ன பேச வைப்பீர்கள்?

அதற்கு முன், நீங்கள் யார் வீட்டிலிருந்து இதைப் படிக்கிறீர்கள், பஞ்சநாதன் வீட்டிலிருந்தா, ராஜவேல் வீட்டிலிருந்தா, சுமதி வீட்டிலிருந்தா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.