கயிற்றைத் தொட்டவர்களுக்கெல்லாம் பங்கு

ஐம்பத்து நாலாம் வருஷம் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வாரத்தில், வைத்திக்குப்பத்துக் கடலுக்குள்ளிருந்து சைகோன்காரன் ஒருவன் நடந்து வந்து கரைவலைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். சட்டையில் ஈரமே இல்லை. மீன் சேரும் வலைமடி கரையேறுமுன் கயிற்றைத் தொட்டவனுக்குப் பங்கு உண்டு என்பது குப்பத்து வழக்கம். அவனுக்கும் ஒரு கூறு மீன் வைத்தார்கள். அதற்கப்புறம் பிரெஞ்சுக்காரனிடமிருந்து விடுபட்ட நாடு ஒவ்வொன்றும் ஓர் ஆளை அனுப்பியது. ஐம்பத்தெட்டில் கினிக்காரன், அறுபதில் மடகாஸ்கர்காரன், செனகல்காரன். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவுமில்லை. வலை சீக்கிரம் ஏறியது, கூறுதான் சிறுத்துப்போயிற்று.

அது ரஞ்சிதத்தின் தலையில் வந்து விடிந்தது. அவள் புருஷன் இருசப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவன். அங்கிருந்து அல்ஜீரியாவுக்கு மாற்றினார்கள் என்பதோடு சேதி நின்றுவிட்டது. குப்பத்து ஆள் தன் வாயால் விட்டேன் என்று சொல்லும்வரை, ஊரில் இல்லாவிட்டாலும் அவன் பங்கு வீட்டுக்கு வரும். அந்தப் பங்கை வாங்கி விற்றுத்தான் அவள் வயிறு கழுவினாள்.

"வராதவனுக்கு என்னாத்துக்குப் பங்கு? செத்துட்டான்னு வச்சிக்கிட்டுத் தாலியக் கழட்டு" என்றார் குப்பத்துத் தலைவர் பஞ்சநாதன்.

ரஞ்சிதம் மண்ணை வாரித் தூற்றினாள். "விட்டுட்டேன்னு என் புருஷன் வந்து சொன்னானா? சொல்லு பாப்பம்!"

செனகல்காரன் கயிற்றை விடாமலே பிரெஞ்சில் ஏதோ பேசினான். பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவர் தமிழில் சொன்னார்: அவர்கள் நாடுகள் கூடி வைத்திருக்கும் சங்கத்திலும் இதே சட்டம்தானாம், இஷ்டப்பட்டவன் வரலாம், தன் வாயால் சொல்லிவிட்டுப் போகலாம், அடுத்தவன் பேரை அடிக்க எவனுக்கும் உரிமை கிடையாதாம். பஞ்சநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று. பங்கு நின்றது, தாலியும் நின்றது.

அறுபத்திரண்டில் அல்ஜீரியா விடுபட்டதும் அந்த நாட்டுக்காரனும் வந்தான். அவன் பின்னாலேயே இருசப்பன், பூட்ஸ் காலோடு. ரஞ்சிதம் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பாவி மனுஷன், கயிற்றைத் தொடவே இல்லை.

"பிரான்சுலயே இருந்துடறேன் ரஞ்சிதம். அங்க குடும்பம் ஆயிடுச்சி. சொல்லாம இருந்தா நல்லாருக்காதுன்னு வந்தேன். நான் விட்டுட்டேன்."

சொன்ன முறையில் குற்றம் ஒன்றுமில்லை. வந்த வழியே நடந்து கடலுக்குள் போய்விட்டான்.

ரஞ்சிதம் வாய்விட்டு அழுதாள். மடி இன்னும் கரையேறவில்லை. அழுதுகொண்டே முந்தானையை இழுத்துச் செருகினாள், போய்க் கயிற்றைப் பிடித்தாள். பொம்பளை கயிறு பிடிக்கும் வழக்கம் அந்தக் கரையில் கிடையாது.

"யாரு பங்குக்கு இழுக்கிற?" என்று கத்தினார் பஞ்சநாதன்.

"எம் பங்குக்கு."

சைகோன்காரன் தள்ளி நின்று இடம் விட்டான். அன்றைக்கு நெத்திலி பட்டது. அவளுக்கும் ஒரு கூறு வைத்தார்கள்.